மௌனமும் சம்மதமும்: ஜப்பான் 1960

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கூட்டத்தில், வல்லரசோடு ஒட்டிக்கொள்ளும் அரசாங்கங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "ஜனங்க யாரும் வாயைத் திறக்கலையே. அவங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னுதானே அர்த்தம்? நீங்க மட்டும் ஏன் கத்துறீங்க?" அன்றைக்குச் சரியான பதில் வரவில்லை. ஏகாதிபத்தியம், கருத்தியல் மேலாண்மை என்று நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜப்பான் ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட இதே வாதத்தை 1960இல் ஒரு பிரதமர் செய்திருக்கிறார்.

முதலில் விவரம். 1951 செப்டம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே நாளில், ஜப்பான் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டது. ஆக்கிரமிப்பு முடியணும்னா படைத்தளம் இருக்கணும், அதுதான் பேரம். இந்த ஒப்பந்தத்துக்குக் காலவரம்பு கிடையாது. ஜப்பானைக் காப்பாற்றும் கடமை அமெரிக்காவுக்குத் தெளிவாக விதிக்கப்படவில்லை; ஆனால் ஜப்பானிய அரசு கேட்டுக்கொண்டால் உள்நாட்டுக் கலவரத்தை அடக்க அமெரிக்கப் படை இறங்கலாம். இதைத் திருத்தப் புறப்பட்டவர் கிஷி நொபுசுகே. 1941இல் போர் தொடுத்த டோஜோ அமைச்சரவையில் வர்த்தக, தொழில் அமைச்சர். போர்க்குற்றவாளி என்ற சந்தேகத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் சுகாமோ சிறையில் இருந்து, விசாரணையே இல்லாமல் 1948 டிசம்பரில் வெளியே வந்தவர். 1957இல் பிரதமர்.

1960 ஜனவரி 19 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான புதிய ஒப்பந்தம், எழுத்தளவில் பழையதைவிட மேலானதுதான். கலவர ஷரத்து போய்விட்டது; பத்தாண்டுக் காலவரம்பு வந்தது. அப்புறம் ஏன் எதிர்ப்பு? பழையது தோற்றுப்போன நாட்டின் தலையில் கட்டப்பட்டது. புதியதோ சுதந்திர நாடு தானே விரும்பிப் போட்டுக்கொள்வது. 'நாங்க விரும்பினோம்' என்று யார் சொன்னது என்பதுதான் பிரச்சினை. 1954இல் பிகினி அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் மீனவர்கள் மேல் விழுந்ததையும், விமானதள விரிவாக்கத்துக்கு எதிராகச் சுனகாவா விவசாயிகள் நடத்திய போராட்டத்தையும் ஜனங்கள் மறந்திருக்கவில்லை. அமெரிக்கப் படை இருப்பதே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1959 மார்ச்சில் சுனகாவா வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

மே 19 இரவு, மறியல் செய்த சோஷலிஸ்ட் உறுப்பினர்களைப் போலீஸை விட்டுத் தூக்கி வெளியேற்றிவிட்டு, நள்ளிரவு தாண்டி ஆளுங்கட்சிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். இனி மேலவை ஒன்றும் செய்யவேண்டியதில்லை. முப்பது நாள் அது முடிவெடுக்காமல் இருந்தாலே ஒப்புதல் தந்ததாகிவிடும் என்கிறது அரசியல் சட்டம். ஐசனோவர் வருவதாக இருந்த ஜூன் 19க்கு இந்தக் கணக்கு சரியாக வந்து பொருந்தியது.

அந்த இரவுக்குப் பிறகு எதிர்ப்பின் தன்மை மாறியது. டகேயுச்சி யோஷிமியும் ட்சுருமி ஷுன்சுகேயும், கிஷியின் கீழ் அரசு ஊழியராக இருக்கமுடியாது என்று பல்கலைக்கழக வேலையை விட்டார்கள். ஒப்பந்தத்தைப் படித்தே பார்க்காதவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் கிஷி சொன்னார்: தெருவில் கேட்பது மட்டும் குரலல்ல, நான் 'குரலற்ற குரலை'க் கேட்கிறேன். பேஸ்பால் மைதானம் நிரம்பி வழியுதே, பார்க்கலையா? எங்கள் தோழரின் கேள்விக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேசாதவனின் மௌனத்தைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது அதிகாரத்தின் பழைய வித்தை.

ஆனால் ஜூன் 4 அன்று கொபயாஷி டோமி என்ற ஓவிய ஆசிரியை, யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம் என்று எழுதிய பதாகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூடச் சேர்ந்தார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'குரலற்ற குரல்கள் சங்கம்'. கிஷியின் சொல்லையே பிடுங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் 22 வயது மாணவி கன்பா மிச்சிகோ இறந்தார். மறுநாள் ஐசனோவரின் வருகை ரத்தானது. 17ஆம் தேதி டோக்கியோவின் ஏழு பத்திரிகைகள் சேர்ந்து வன்முறையைக் கண்டித்து ஒரே அறிக்கையை வெளியிட்டன. மே 19 இரவு நடந்ததை அந்த அறிக்கை ஒதுக்கி வைத்துவிட்டது. லட்சக்கணக்கான பேர் நாடாளுமன்றத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்க, 18ஆம் தேதி நள்ளிரவில் ஒப்பந்தம் தானாகவே நிறைவேறியது. 23ஆம் தேதி கிஷி விலகப்போவதாக அறிவித்தார். ஆள் போனார், ஒப்பந்தம் நின்றது.

இதற்கு மேல்தான் சங்கடமான பகுதி. அதே நவம்பரில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி 467 இடங்களில் 296ஐப் பிடித்தது. புதிய பிரதமர் இகேடா ஹயாதோ ஒப்பந்தத்தைப் பற்றி வாயே திறக்காமல், பத்தாண்டில் வருமானத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்றார். மக்கள் ஏமாந்துபோனார்கள் என்று சொல்லி நாம் தப்பித்துவிடக்கூடாது. அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் எந்தக் கேள்விக்குப் பதிலாகப் போட்டார்கள்? ஒப்பந்தம் அந்தக் கேள்வித்தாளிலேயே இல்லை. 1970 ஜூனில் பத்தாண்டு முடிந்தபோதும் யாரும் கேட்கவில்லை. ரத்து செய்யாததால் அது தானாக நீடித்தது. அணு ஆயுதம் தாங்கிய கப்பல்கள் வந்துபோவதைக் கண்டுகொள்ளாமல் விடும் ரகசியப் புரிதல் இருந்ததை 2010இல்தான் அரசு நியமித்த குழு ஒத்துக்கொண்டது. தெரியாத விஷயத்தைப் பற்றி ஜனங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்திருக்க முடியும்?

இன்னொன்றும் உண்டு. இது எதிர்ப்பாளர்கள் மேலேயே விழும் கேள்வி. டோக்கியோவில் இறங்கமுடியாத ஐசனோவர் அதே ஜூன் 19 அன்று ஒகினாவாவில் இறங்கினார். அங்கேயும் ஆர்ப்பாட்டம் நடந்தது. 1972 வரை ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. இந்த ஒப்பந்தத்துக்கே வெளியே. அறுபதின் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் ஒகினாவாக்காரர்கள் எவ்வளவு தூரம் இருந்தார்கள்? பெருநிலத்தில் எதிர்ப்பு வலுத்த ஐம்பதுகளில்தான் அங்கிருந்த மரைன் படைப்பிரிவு ஒகினாவாவுக்குப் போனது. நாட்டின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள அந்தத் தீவுகளில்தான், அமெரிக்கப் படை மட்டும் பயன்படுத்தும் தளப்பரப்பில் சுமார் 70 சதவீதம் இருக்கிறது. 1996 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 89 சதவீதம் பேர் தளங்களைக் குறைக்கச் சொன்னார்கள். 2019இல் சுமார் 72 சதவீதம் பேர் ஹெனோகோ தளத்துக்காகக் கடலைத் தூர்ப்பதை எதிர்த்தார்கள். வேலை நிற்கவில்லை.

கருத்துக் கணிப்பு எடுத்தால் பெரும்பாலான ஜப்பானியர்கள் கூட்டணியால் நன்மை என்றுதான் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தளம் தன் ஊரில் இல்லாதவர்களின் சம்மதம் அதில் எவ்வளவு என்று கேட்டாக வேண்டும்.

தோழருக்கு இப்போது பதில் சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன். டோக்கியோவில் பேசாமல் இருந்ததைச் சம்மதம்னு எழுதிக்கிட்டாங்க. ஒகினாவாவில் ஓட்டுப் போட்டுச் சொன்னதைக் கருத்துன்னே எடுத்துக்கல. அதனால ஜனங்க பேசுறாங்களா இல்லையான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, அவங்க பேச்சையும் மௌனத்தையும் யார் கணக்கெழுதுறாங்கன்னு பார்ப்போம், தோழர்.