வண்டி இல்லாத நாள்களின் இழப்பு: மோட்டார் விபத்து இழப்பீட்டில் விடுபட்ட ஒரு தலைப்பு

திருச்சி–சிதம்பரம் நெடுஞ்சாலை, விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலை ஆகிய இரண்டின் போக்குவரத்தையும் தாங்கும் ஊர் அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி. சிமென்ட் லாரி, கும்பகோணம் பேருந்து, கரும்பு ஏற்றிய டிராக்டர், உள்ளூர்க் கார் என எல்லாம் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. இங்கே பின்னால் வந்த லாரி இடித்து ஒரு காரின் பின்பக்கம் நசுங்கினால், உரிமையாளருக்கு இரண்டு வகை நட்டம் ஏற்படுகிறது. டிக்கி கதவு, பம்பர், டிங்கரிங், பெயின்டிங், கூலி என்று பட்டறைக்காரர் எஸ்டிமேட்டில் எழுதித் தருவது ஒன்று. மற்றது எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. ஜெயங்கொண்டத்துக்கும் சிதம்பரத்துக்கும் வாடகைக் காரில் போய்வந்த செலவு, முதியவரின் மருத்துவமனைப் பயணம் தள்ளிப்போனது, அன்றாடத் தேவைக்கு அடுத்த வீட்டு வண்டியை எதிர்பார்த்து நின்றது ஆகியவை அதில் அடங்கும். இந்த இரண்டாவது நட்டத்தை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இன்றுள்ள சட்டத்தின்படியே வழங்க முடியும், வழங்கவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மட்டுமன்றி, சொந்த உபயோகக் காருக்கும் இது பொருந்தும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 165ஆம் பிரிவு, உயிரிழப்பு, உடற்காயம் ஆகியவற்றோடு மூன்றாம் தரப்பினரின் சொத்துக்கு நேரும் சேதத்தையும் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வைக்கிறது. 166ஆம் பிரிவின்படி அந்தச் சொத்தின் உரிமையாளரும் மனுச் செய்யலாம். எவ்வளவு தருவது என்பதை 168ஆம் பிரிவு, நியாயமானதெனத் தீர்ப்பாயம் கருதும் தொகை என்று விட்டுவிடுகிறது. பழுதுச் செலவுக்கு மேல் போகக்கூடாது என்று இப்பிரிவுகளில் எங்கும் சொல்லப்படவில்லை. தீர்ப்பாயம் தீர்க்கக்கூடிய கோரிக்கையை உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்க 175ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆகவே, வண்டி இல்லாத நாள்களுக்கான கோரிக்கை தீர்ப்பாயத்துக்கு உரியதல்ல என்று வைத்துக்கொண்டால், பழுதுச் செலவுக்கு ஓர் இடத்திலும் இதற்கு வேறோர் இடத்திலும் வழக்குப் போட வேண்டிவரும். ஒரே விபத்தை இப்படி இரண்டு வழக்காகப் பிளப்பது, எளிய முறையில் விரைந்து நிவாரணம் தரவே தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது என்ற நோக்கத்துக்கு நேர் எதிரானது.

இதைவிட வலுவான ஆதாரம் 171ஆம் பிரிவில் இருக்கிறது. தீர்ப்புத் தொகைக்கு, மனுச் செய்த நாளுக்கு முற்படாத ஒரு தேதியிலிருந்து தனிவட்டி தரச் சொல்லலாம் என்கிறது அது. கைக்கு வரவேண்டிய பணம் வராமல் இருந்த காலத்துக்குத் தரும் ஈடுதான் வட்டி. மனுதாரர் அந்தப் பணத்தை வைத்துத் தொழில் செய்திருப்பாரா, பெட்டியில் பூட்டியிருப்பாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. பணத்தின் பயன் இல்லாமல் போனதே இழப்பு என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அப்படியானால், அதே மனுதாரரின் கார் முப்பது நாள் பட்டறையில் கிடந்ததற்கு மட்டும் அவர் அதனால் சம்பாதித்தாரா என்று கேட்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சொந்தக் காப்பீடு இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. வழக்கமான மோட்டார் பாலிசியின் ஓன் டேமேஜ் பகுதி, சேதத்தைத் தொடர்ந்து வரும் நட்டத்தை வெளிப்படையாகவே விலக்குகிறது. கூடுதல் பிரீமியம் கட்டித் தினப்படி பெறும் இணைப்புகள் சில நிறுவனங்களிடம் உண்டு. அவை விரும்பியவர் வாங்குபவை. தவறே செய்யாதவர் தன் பாலிசியில் கிளைம் போட்டால் கட்டாயக் கழிவு போகிறது, நோ கிளைம் போனஸும் போகிறது. பழுதுச் செலவைத் தன் கம்பெனியிடம் வாங்கிவிட்டதால் தீர்ப்பாயத்தில் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில், கம்பெனி விலக்கிவிட்ட அந்தப் பகுதி முழுதாக அப்படியே நிற்கிறது. அதைக் கேட்பது ஒரே நட்டத்தை இரண்டு முறை வாங்குவதாகாது.

அந்த நாள்கள் எப்படிச் சேர்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாகி, ஊரார் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை வண்டியை நகர்த்த முடியாது. முறைமைகள் முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 136ஆம் பிரிவு. கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டுவைப்பதால் பயனில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. ஆயினும் வழக்குச் சொத்தாகிவிட்ட வண்டியை இடைக்காலமாக மீட்க நீதித்துறை நடுவரிடம் மனுப் போட வேண்டியிருக்கிறது. அதன்பின் சர்வேயர் வர வேண்டும். எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் கிடைக்க வேண்டும். உள்ளூரில் கிடைக்காத ஸ்பேர் திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டும். தகரத்தைத் தட்டி நெளிவெடுக்கும் வேலை சில நாள்தான். காத்திருப்பே பெரும்பகுதி, அதில் உரிமையாளரின் கை எதுவும் இல்லை.

முதன்மையான மறுப்பு இது: சொந்த உபயோகக் கார் வருமானம் தருவதில்லை, வருமானம் போகாதபோது ஈடு எதற்கு? 1900இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை மீடியானா கப்பல் வழக்கில் இதை நேராகச் சந்தித்தது. மெர்சி துறைமுக வாரியத்தின் விளக்குக் கப்பலை மீடியானா மோதியது. வாரியம் இருப்பில் வைத்திருந்த வேறொரு விளக்குக் கப்பலை அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டது. வருமான இழப்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஈடு வழங்கப்பட்டது. ஒருவரின் நாற்காலியை ஓராண்டு எடுத்துப்போனவர், அவர் வீட்டில் வேறு நாற்காலிகள் இருந்தனவே என்று சொல்லித் தப்ப முடியுமா என்று கேட்டார் ஹால்ஸ்பரி பிரபு. ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமும் 1963இல், வாடகை வண்டி எடுக்காமல் சமாளித்த கார் உரிமையாளருக்குக்கூடப் பயன் இழப்புக்கு ஈடு உண்டு என்று ஏற்றது. நெருக்கிப் பிடித்துச் செலவைக் குறைத்தவரின் சிக்கனத்தால் இடித்தவர் லாபம் அடையக்கூடாது என்பது நம் சூழலில் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். வாடகைக் காருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் பேருந்துக்குக் காத்து நின்றவருக்கு இழப்பு குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்த மறுப்பு சாட்சியம் பற்றியது. ரசீது இல்லை, நாள் கணக்கை எப்படி நம்புவது, பட்டறையோடு பேசிவைத்து நாளை நீட்டினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். இந்த அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் நம் தீர்ப்பாயங்கள் ரசீது இல்லாத இழப்பைக் கணக்கிடுவதில் தேர்ந்தவை. ராமச்சந்திரப்பா வழக்கில் (2011), எந்த ஆவணமும் இல்லாத ஒரு கூலித் தொழிலாளியின் மாத வருமானத்தை 4,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. பிரணய் சேத்தி வழக்கில் (2017), சொத்திழப்புக்கு 15,000, துணையிழப்புக்கு 40,000, ஈமச் செலவுக்கு 15,000 என்று அரசியல் சாசன அமர்வு தொகைகளை நிர்ணயித்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு கூட்டவும் சொன்னது. துணையை இழந்த துயரத்துக்கே ஒரு நிலைத்தொகை வைக்க முடிந்த நீதிமுறையால், ஒரு காரின் நாள் வாடகையை மதிப்பிட முடியாதா? நாள் நீட்டும் மோசடிக்கு மலேசியா ஏற்கெனவே வழி கண்டிருக்கிறது. அங்கே பழுதுபார்க்கத் தேவையான நாள்களை மதிப்பீட்டாளர் தம் அறிக்கையிலேயே குறிக்கிறார். வண்டி உண்மையில் எத்தனை நாள் பட்டறையில் கிடந்தாலும், அந்த மதிப்பீட்டு நாள்களை ஒட்டியே எதிர்த்தரப்புக் காப்பீடு ஈடு தருகிறது. நம் சர்வேயர் அறிக்கையிலும் தேவையான நாள்கள் என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். அதற்கு நாடாளுமன்றம் சட்டம் திருத்த வேண்டியதில்லை.

பணமில்லாததால் பழுதுபார்ப்பு தாமதமானால் அந்த நாள்களைச் சேர்க்கலாமா என்பது சற்றுக் கடினமான கேள்வி. 1933இல் லீஸ்பாஷ் வழக்கில் பிரபுக்கள் சபை, பாதிக்கப்பட்டவரின் வறுமையால் கூடிய நட்டத்துக்கு ஈடில்லை என்றது. 2003இல் லாக்டன் வழக்கில் அதே சபை அந்த நெறியைக் கைவிட்டது. மீன்சுருட்டியில் நெல் விற்ற பணம் கைக்கு வந்தபின்தான் வண்டியை எடுக்க முடியும் என்ற நிலையில் உள்ள விவசாயியிடம் பழைய நெறியைக் காட்டுவது அநீதி. ஆனால் பணம் இருந்தும் அலட்சியமாக விட்டிருந்தால் அந்த நாள்களைக் கழிக்கத்தான் வேண்டும். இழப்பைக் குறைக்க முயலும் கடமை அவருக்கும் உண்டு.

பிரீமியம் ஏறும் என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது, ஓரளவுக்கு. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டேரிஃப் முறையில் மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்துக்கான காப்பு கார்களுக்கும் வணிக வண்டிகளுக்கும் ஏழரை லட்சம் ரூபாய். உரிமையாளர் விரும்பினால் பிரீமியத்தில் சிறு கழிவு பெற்று அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஏழரை லட்சக் காப்பு உள்ள லாரிக்கு, சில வார நாள்தொகை அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். 6,000க்குச் சுருக்கியவர் மிச்சத்தைத் தன் கையிலிருந்து கட்ட நேரிடும். இந்தச் சுமை இன்றும் யாரோ ஒருவர் தலையில்தான் இருக்கிறது. அது இடிபட்டவர் தலையில் தனியாக இருப்பதைவிட, சாலையில் வண்டி ஓட்டும் எல்லாரிடமும் சில ரூபாயாகப் பகிர்வதுதான் கட்டாயக் காப்பீட்டின் நோக்கத்தோடு ஒத்துப்போகும்.

இரு சக்கர வண்டிக்கு இந்த வாதம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பல வீடுகளில் பைக் ஒன்றுதான் வண்டி. வயலுக்கும் பள்ளிக்கும் கூலி வேலைக்கும் அதுதான் போகிறது. அதன் நாள்தொகை சிறியது, அதற்காக வழக்கறிஞர் தனியே மனுப் போடமாட்டார். எனவே காயத்துக்கான மனுவிலேயே, விபத்துத் தேதி, ஆய்வு முடிந்த தேதி, நடுவர் உத்தரவுத் தேதி, பட்டறையில் விட்ட தேதி, எடுத்த தேதி ஆகியவற்றோடு இதைத் தனித் தலைப்பாகச் சேர்க்கும் பழக்கம் வர வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தத் தலைப்பைத் திறந்துவிட்டு, பைக்கில் போகிறவருக்குத் தொகை சிறியதென்று விட்டுவிட்டால், பயன் இழப்பே இழப்பு என்ற இவ்வாதத்தின் அடிப்படை அங்கேயே முறிந்துவிடும்.