ஒரு 15 அங்குல ஸ்பீக்கரும் ஒரு காப்பீட்டுப் பாலிசியும்

ஜே.பி.எல். என்ற மூன்று எழுத்தை ஏதாவது ஒரு ஸ்பீக்கரில் பார்த்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர்: ஜேம்ஸ் பி. லான்சிங். 1902-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். ஸ்பீக்கர் செய்வதில் மகா கெட்டிக்காரர். கணக்கு வழக்கில்தான் கோட்டை விட்டார்.

1927-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கென் டெக்கர் என்ற கூட்டாளியுடன் கம்பெனி தொடங்கினார். வரவு செலவைக் கவனித்தவர் டெக்கர். 1939-ல் அவர் விமான விபத்தில் இறந்ததும் கம்பெனி தள்ளாடியது. 1941-ல் ஆல்டெக் நிறுவனம் அதை வாங்கியது. சினிமா தியேட்டர்களுக்கான பெரிய ஸ்பீக்கர்களை அங்கே வடிவமைத்த லான்சிங், 1946-ல் வெளியே வந்து மறுபடியும் சொந்தமாக ஆரம்பித்தார். கம்பெனிப் பெயரில் 'லான்சிங்' இருக்கக் கூடாது என்று ஆல்டெக் ஆட்சேபித்தது. சொந்தப் பெயருக்கே மல்லுக்கட்ட வேண்டிய நிலை!

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் டி130. விட்டம் 15 அங்குலம். காந்தத்தின் இடுக்கில் அசைந்து, காகிதக் கூம்பைத் தள்ளும் கம்பிச் சுருளுக்கு 'வாய்ஸ் காயில்' என்று பெயர். ஆல்டெக்கின் 515 வூஃபரில் 3 அங்குலமாக இருந்த சுருளை, லான்சிங் 4 அங்குலமாக்கினார். உருண்டைக் கம்பியைச் சுற்றினால் நடுவே வெற்றிடம் விழும். அவர் தட்டையான நாடாக் கம்பியை விளிம்பில் நிறுத்திச் சுற்றினார். இடம் வீணாகவில்லை. பலமான அல்நிக்கோ காந்தமும் சேர்ந்ததால், அந்தக் கால வால்வு ஆம்ப்ளிஃபயரின் சில வாட் சக்திக்கே கணீரென்று ஒலித்தது. தாழ்ந்த ஒலிகளுக்கு மட்டும் என 130ஏ என்ற வூஃபரும் வந்தது. வீட்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் இவை புகுந்தன. 1970களில் ஸ்டுடியோக்களில் நின்ற ஜே.பி.எல். 4343 மானிட்டரின் 15 அங்குல வூஃபரிலும் அதே 4 அங்குலச் சுருள்தான்.

இதையெல்லாம் பார்க்க லான்சிங் இல்லை. கடன் கழுத்தை நெரிக்க, 1949 செப்டம்பரில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 47.

கம்பெனியும் அன்றே மூடப்பட்டிருக்க வேண்டியது. ஆனால் அவர் 10,000 டாலருக்கு ஆயுள் காப்பீடு எடுத்து, கம்பெனியைப் பயனாளியாக எழுதி வைத்திருந்தார். அந்தப் பணத்தைக் கொண்டு கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர் வில்லியம் தாமஸ். முன்பு வேறொரு நிறுவனத்தில் பொருளாளராக இருந்தவர்! 1969-ல் ஜே.பி.எல்., சிட்னி ஹார்மனின் கைக்குப் போனது. 2017-ல் ஹார்மன் நிறுவனத்தையே சாம்சங் வாங்கிவிட்டது.

வணிகவியலில் 'நற்பெயர்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்து உண்டு. கடனாளியாக இறந்த லான்சிங் விட்டுப்போன சொத்துகளிலேயே அதிகம் விலைபோனது அதுதான்.