நிறுத்தின காரும் பெட்ரோல் வாடையும்

எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கம் மொலாசஸ் வாடை மூக்குல ஏறும். அங்க நிறுத்தியிருந்த என் பழைய மாருதி 800-ல வந்தது பெட்ரோல் வாடை!

1983-ல் அறிமுகமானப்ப அது கார்புரேட்டர் வண்டி. அணைச்சதும் எஞ்சின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகும். கொஞ்ச நேரம் வாடையடிச்சா சகஜம்னு விடுவாங்க. இந்த ஆவியைப் பிடிக்க அமெரிக்காவில் 1971 மாடல்களிலேயே கரி டப்பா வச்சுட்டாங்க. நம்மூரில் 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ பரவுச்சு. அதுல கிண்ணமே கிடையாது, வாடை வந்தா கசிவுன்னே சந்தேகப்படணும்.

என்னுது கார்புரேட்டர்தான். ஆனா ஒரு மணி நேரமாகியும் வாடை போகல. "சாவியைத் தொட்டுடாதீங்கண்ணே"ன்னார் மெக்கானிக். ரப்பர் ஹோஸ் கிளாம்ப் பக்கத்துல வெடிப்பு. 2023-ல் வந்த 20% எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாதாம். அந்த எத்தனாலை மொலாசஸிலிருந்தும் எடுக்கறாங்க, பாருங்க!