சானடோரியம் ஸ்டேஷன் சொல்ற பாடம்

1/ மனச்சோர்வுக்கு யோகா மட்டும் போதுமா டாக்டர்னு நிறைய பேர் கேக்கறீங்க. பதில் நம்ம தாம்பரத்து வரலாற்றுலயே இருக்கு.

2/ 1928-ல் டாக்டர் சவுரிமுத்து இங்க காசநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார். சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பேர் வந்தது அதனாலதான். அப்போ டி.பி.க்கு மருந்தே கிடையாது. நல்ல காத்து, சாப்பாடு, ஓய்வுதான் வைத்தியம்.

3/ 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறமும் சத்தான சாப்பாடு தேவைதான். ஆனா சாப்பாடு மட்டும் கிருமியைக் கொல்லாது.

4/ யோகாவும் அப்படித்தான். கவுன்சலிங், மருந்தோட சேர்ந்தா நல்ல துணை. ஆசனம் ஆரம்பிச்சாச்சுன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

5/ 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு சொல்லிடுவாங்கன்னு பயமா? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலயே மனநலப் பிரிவு இருக்கு. 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். டி.பி.யையும் ஒரு காலத்துல மறைச்சவங்கதான் நாம.