வீட்டிலேயே ஜின் சவர்: கண்ணளவு போதாது

ஜின், புளிப்பு, இனிப்பு. ஜின் சவர் என்ற கொக்டெயிலின் அடிப்படை இந்த மூன்றும்தான். 1862இல் அமெரிக்காவின் ஜெரி தோமஸ் வெளியிட்ட மதுக்கலவை நூலிலேயே இது இருக்கிறது. அங்கே லெமன், நான் பயன்படுத்துவது தேசிக்காய்.

முதன்முறை கண்ணளவில் ஊற்றினேன். புளித்தது. சீனிப்பாணியைக் கூட்டினேன், சர்பத் போலானது. எவ்வளவு ஜின் குடித்தேன் என்பதே தெரியவில்லை. இப்போது மருந்துப் போத்தலோடு வரும் அளவுக் கோப்பையால் அளக்கிறேன்.

ஒருவருக்கு:
ஜின் – 60 மில்லிலீட்டர்
தேசிக்காய்ச் சாறு – 25 மில்லிலீட்டர்
சீனிப்பாணி – 20 மில்லிலீட்டர் (சீனியும் சுடுநீரும் சம அளவில் கரைத்து ஆறவைத்தது)
முட்டை வெள்ளைக்கரு – 1 (விரும்பினால்)

இறுக்கமான மூடியுள்ள ஜாம் போத்தலில் எல்லாவற்றையும் ஊற்றி, ஐஸ் இல்லாமல் 15 விநாடி குலுக்குங்கள், நுரை வரும். பிறகு ஐஸ்கட்டி நிரப்பி மீண்டும் 15 விநாடி. கரையும் ஐஸ் தண்ணீரும் சுவையில் ஒரு பங்கு. தேநீர் வடியால் வடித்து, உடனே பரிமாறுங்கள். பச்சை முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும், தயக்கமென்றால் விட்டுவிடலாம்.

40 சதவீத ஜின் 60 மில்லிலீட்டரில் 24 மில்லிலீட்டர் தூய மதுசாரம் இருக்கிறது. இனிப்பும் புளிப்பும் அதை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடும். அதனால் ஒன்று கலந்ததுமே அளவுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன்.