காற்றாலையும் டீசலும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் பீப்பாய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. 1979-இல் இரண்டாவது அடி. அந்தப் பயத்தில்தான் 1981-இல் இந்திய அரசு மாற்று எரிசக்திக்கென ஓர் ஆணையம் அமைத்தது. 1986-இல் தூத்துக்குடிக் கடலோரத்தில் காற்றாலைகள் சுழன்றன.

ஆனால் காற்றாலை மிச்சம் பிடித்தது பெரும்பாலும் நிலக்கரியைத்தான். 2012 மின்வெட்டில், காற்று சீசன் முடிந்ததும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்ன ஓடுச்சு? டீசல் ஜெனரேட்டர்தான்.

இன்றும் நம் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அந்த சிப்காட்டை ஒட்டிய கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசைகட்டும் லாரிகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: காற்றைப் பிடிச்சோம், அதைச் சேமிச்சு வைக்கவும் லாரிக்குள் ஏத்தவும் இப்போதுதான் படிக்கிறோம். 1973 கேட்ட கேள்வி அங்கேதான் நிக்குது.