ரவாங் மின்னொளி முதல் மின்சாரக் கார் வரை

மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு, சிலாங்கூர் மாநிலத்து ரவாங்கில் ஒரு வெள்ளீயச் சுரங்கத்திலே தொடங்குகிறது. 1894-ஆம் ஆண்டில் அங்கு மின்னாக்கி இயந்திரத்தை நிறுவியவர் இருவர். ஒருவர் சீனப் பெருவணிகர் லோக் இயூ. மற்றவர் தமிழர் தலைவராய் விளங்கிய தம்புசாமிப் பிள்ளை. மறு ஆண்டே கோலாலம்பூர் இரயில் நிலையமும் மின்னொளி பெற்றது.

பின்னர், பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் 1927-இலும், கிள்ளானின் கொனாட் பிரிட்ஜில் 1953-இலும் பெரிய மின்நிலையங்கள் எழுந்தன. ஆயினும், நகரங்கள் ஒளிபெற்ற பின்னரும் தோட்டப்புற லயன் வீடுகள் பல நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. மின்சாரத்தை உண்டாக்குவது ஒன்று. அதனை எல்லார் வாசலுக்கும் கொண்டு சேர்ப்பது வேறொன்று. இவ்வுண்மையை மின்சாரக் கார் இன்று மீண்டும் நினைவூட்டுகிறது.

கம்பி வழியே மட்டும் ஓடிய மின்சாரத்தைச் சேமித்து உடன்கொண்டு செல்ல வழி கண்டவர் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே. மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க காரீய மின்கலத்தை அவர் 1859-இல் உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை நகரங்களில் மின்சாரக் கார்கள் ஓடின. ஆனால் மின்கலத்தின் பெருஞ்சுமையும் மின்னேற்றத்தின் தாமதமும் அவற்றைப் பெட்ரோல் காருக்குத் தோற்கச் செய்தன. காரீய மின்கலம் கிலோவுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலையே தாங்கும். 1991-இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம் வளர்ச்சியுற்று, இன்று 150-க்கும் மேல் தாங்குகிறது. அதன் ஆக்கத்திற்காக மூவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். 2024 டிசம்பரில் மலேசியாவில் அறிமுகமான புரோட்டோன் இ.மாஸ் 7 காரில், வெப்பத்தை நன்கு தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் அமைந்துள்ளது.

மின்கலம் முன்னேறிவிட்டது, மின்னேற்றமோ பின்தங்கி நிற்கிறது. 2025-க்குள் 10,000 மின்னேற்ற முனைகள் அமைக்க மலேசிய அரசு வகுத்த இலக்கு, அவ்வாண்டுக்குள் எட்டப்படவில்லை. தனிவீட்டில் வாழ்பவர் இரவில் தம் வாசலிலேயே குறைந்த செலவில் மின்னேற்றிக் கொள்ளலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழ்வோர் பலருக்கோ, காரை நிறுத்தவே நிலையான இடமில்லை. அவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்தி, பேரங்காடிகளின் விரைவு மின்னேற்றத்தை நாட வேண்டியவராவர்.

சுரங்கத்திற்கு முதலில் வந்த ஒளி, அதே மண்ணில் உழைத்தவரின் குடிலுக்குக் கடைசியாகவே வந்தது. அடுக்குமாடிகளின் வாகன நிறுத்துமிடங்களிலும் பொது மின்னேற்ற வசதி அமையுமாயின், அவ்வரலாறு மீண்டும் நிகழாது. மாநகர மன்றங்களும் குடியிருப்போர் சங்கங்களும் முன்னின்று ஆற்ற வேண்டிய கடமை அது.